வீட்டு வரவு செலவும் இணையப் பேரேடும்

கிராம சபை கூடும் நாட்களில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன்னிலையில் படிக்கப்படுகிறது. தெருவிளக்குக்கு ஆன செலவு எவ்வளவு, குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்க ஆனது எவ்வளவு, வீட்டு வரியாக வசூலானது எவ்வளவு என்று எவரும் எழுந்து கேட்கலாம். கேட்பது நம் உரிமை. விடை கூறுவது மன்றத்தின் கடமை. ஆனால் அவ்வாறு கேட்டுவிட்டு வீடு திரும்பும் உழவர் ஒருவரிடம், "சென்ற குறுவையில் உங்களுக்கு ஏக்கருக்கு என்ன மிஞ்சியது?" என்று வினவினால், அவர் திகைத்து நிற்பதையே பெரும்பாலும் காண்கிறோம். ஊர்க் கணக்கைக் கேட்கத் தெரிந்த நாம் வீட்டுக் கணக்கை நம்மையே கேட்டுக்கொள்வதில்லை.

கணக்கு எழுதும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் நம் கடைவீதிகளில் நெடுங்காலம் வழங்கியவை. எனினும் வணிகர் காத்த அவ்வழக்கத்தை உழவர் குடும்பங்கள் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. இன்று வீட்டுக்கொரு கைப்பேசி வந்துவிட்டது. ஆகவே அக்கைப்பேசியிலேயே திறந்து எழுதத்தக்க பேரேடு ஒன்றை ஊரில் கணினி கற்ற இளைஞரும் இளநங்கையரும் அமைத்துக்கொள்ளக்கூடும். அதனை எவ்வாறு அமைப்பது, அமைப்பவரிடம் உழவர் எதனைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஏக்கரின் கணக்கு

கருவியைப் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பற்றித் தெளிவு வேண்டும். எடுத்துக்காட்டாக ஓர் ஏக்கர் குறுவை நெல்லை எடுத்துக்கொள்வோம். இங்குக் காட்டும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே. உங்கள் ஊர் நிலவரத்துக்கேற்ப அவை மாறும்.

உழவுக்கு 5,500 ரூபாய், நாற்றங்காலுக்கும் நடவுக் கூலிக்கும் 6,000, உரத்துக்கு 4,500, களையெடுப்புக்கும் பூச்சி மருந்துக்கும் 3,500, அறுவடை இயந்திரத்துக்கு 4,500, சாக்கு, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை ஆகியவற்றுக்கு 2,000 என ஆகமொத்தம் 26,000 ரூபாய் கையிலிருந்து செலவாகிறது. இதில் 25,000 ரூபாய் கடனாகப் பெற்றது. அதற்கு வட்டி 1,000. மீதி 1,000 வீட்டுப் பணம். விளைந்தது 22 குவிண்டால். அதில் 20 குவிண்டாலை, குவிண்டால் 2,400 ரூபாய் வீதம் விற்று 48,000 ரூபாயும், வைக்கோலுக்கு 2,000 ரூபாயும் பெறுகிறார். இரண்டு குவிண்டாலை வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறார்.

கணக்கெழுதாதவர் என்ன நினைப்பார்? கைக்கு வந்தது 50,000. கடனும் வட்டியுமாகக் கட்டியது 26,000. மடியில் 24,000 இருக்கிறது. ஆகவே இலாபம் 24,000 என்பார். ஆனால் அவர் முதலில் போட்ட வீட்டுப் பணம் 1,000 இதில் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் ரொக்க மிச்சம் 23,000 ரூபாயே.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. விதை சொந்த விதை. விலை கொடுத்து வாங்கியிருந்தால் 1,200 ரூபாய் ஆகியிருக்கும். அவரும் அவர் மனைவியாரும் வயலில் உழைத்தது இருபது ஆள் நாட்கள். நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றாலும் 8,000 ரூபாய் ஆகிறது. மறுபுறம், வீட்டுக்கு வைத்த நெல்லும் வருமானமே. அதன் மதிப்பு 4,800. எனவே மொத்த வரவு மதிப்பு 54,800. மொத்தச் செலவு மதிப்பு 36,200. உண்மையில் மிஞ்சியது 18,600 ரூபாய். நிலம் குத்தகை நிலமாக இருந்து, குத்தகை 15,000 ரூபாய் என்றால் எஞ்சுவது 3,600 மட்டுமே. அடுத்த ஆண்டும் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதா, குத்தகையைக் குறைக்கக் கேட்பதா, வேறு பயிரிடுவதா என்று முடிவு செய்ய உதவுவது 24,000 என்னும் எண்ணமன்று. 3,600 என்னும் உண்மையே ஆகும்.

குடும்ப உழைப்பைக் கணக்கில் சேர்ப்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மத்திய அரசின் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் சாகுபடிச் செலவை மூன்று வகையாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவும் சொந்தப் பொருள்களின் மதிப்பும் முதல் வகை. அத்துடன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் கூட்டுவது இரண்டாவது. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் முதலின் வட்டியையும் சேர்ப்பது மூன்றாவது. 2018-19 ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில், இரண்டாவது வகைச் செலவைப்போல் ஒன்றரை மடங்கு குறைந்தபட்ச ஆதரவு விலை என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டது. அரசே எண்ணிப் பார்க்கும் உழைப்பை உழைத்தவரே எண்ணாமல் விடலாமா?

ஏட்டிலிருந்து வலைக்கு

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரு பக்கம் உண்டு. ஓரிடத்தில் குறைவது மற்றோரிடத்தில் கூடும். இதுவே இரட்டைப் பதிவு முறையின் சாரம். லூக்கா பச்சோலி என்னும் துறவி 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இம்முறையை விளக்கி எழுதினார். பின்னர் 1970 ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் கணினி அறிஞர், செய்திகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை வெளியிட்டார். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 ஆம் ஆண்டில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை வரைந்தார். 1993 ஆம் ஆண்டில் அக்கூடம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. நாம் அமைக்கப்போகும் இணையப் பேரேடு இம்மூன்றும் கூடிப் பிறப்பதாகும்.

இணையச் செயலி என்பது மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, கைப்பேசியின் உலாவியில் தோன்றும் பக்கம். இதில்தான் நாம் தொகையை எழுதுகிறோம். இரண்டாவது, சர்வர் எனப்படும் வழங்கி. பக்கத்திலிருந்து வருவதைப் பெற்று, சரிபார்த்து, உரிய இடத்தில் சேர்ப்பது இதன் பணி. கணக்குப்பிள்ளையை ஒத்தது என்று கூறலாம். மூன்றாவது, பதிவுகள் நிலையாகத் தங்கும் தரவுத்தளம். இது பேரேட்டுப் பெட்டி. பக்கத்தை எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றாலும், வழங்கிப் பகுதியைப் பைத்தான் அல்லது பி.எச்.பி. மொழியாலும் எழுதலாம். தரவுத்தளத்துக்கு எஸ்.க்யூ.லைட் போதும், 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பது, முழுப் பேரேட்டையும் ஒரே கோப்பில் அடக்கி வைப்பது. மென்பொருளுக்காகக் காசு செலவிட வேண்டியதில்லை. வழங்கிக்கான இடவாடகையும் பெயர்ப் பதிவும் மட்டுமே செலவாகும்.

நான்கு அட்டவணைகள்

செயலி கட்டுவோர் முதலில் அழகிய பக்கங்களை வரையத் தொடங்குவது வழக்கம். அது தவறு. வீடு கட்டுமுன் மனையை அளப்பதுபோல் முதலில் அட்டவணைகளை வகுக்கவேண்டும். உழவர் குடும்பத்துக்கு நான்கு அட்டவணைகள் தேவை.

முதலாவது "இருப்பிடம்": பணம் எங்கெங்கு இருக்கிறது என்பது. ரொக்கம், வங்கிக் கணக்கு, கூட்டுறவுக் கடன், நகைக் கடன், கைமாற்று என ஒவ்வொன்றும் ஓர் இருப்பிடம். கடன் இருப்பிடங்களில் இருப்பு எதிர்மறையாக நிற்கும். இவற்றுடன் "மதிப்பு" என்றோர் இருப்பிடத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த விதை, குடும்ப உழைப்பு, வீட்டுக்கு வைத்த நெல் ஆகியவை பணமாகக் கைமாறுவதில்லை. அவற்றை இதில் எழுதினால் ரொக்க இருப்பு கெடாது.

இரண்டாவது "இனம்": விதை, உரம், கூலி, வட்டி, பால் விற்பனை, பள்ளிச் செலவு, மருத்துவம், விசேஷம் முதலியன. இனங்கள் இருபதுக்கு மேற்பட வேண்டா. மிகுந்தால் எதில் எழுதுவது என்ற தயக்கம் வரும். தயக்கம் வந்தால் எழுதும் வழக்கமே நின்றுவிடும்.

மூன்றாவது "பருவம்": "2025 குறுவை, மேட்டு வயல்", "2025 சம்பா, குத்தகை வயல்", "கறவை மாடு", "குடும்பம்" என்று இது அமையும். நகரத்தாருக்காகச் செய்யப்படும் கணக்குச் செயலிகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்திற்கொண்டு, மாதத்தை மட்டுமே அளவாகக் கொள்கின்றன. உழவுக்கு மாதம் அளவன்று. ஆனியில் போட்ட பணம் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ திரும்புகிறது. மேலும், சொந்த வயலின் மிச்சம் குத்தகை வயலின் நட்டத்தை மறைத்துவிடக்கூடும். பருவமும் வயலும் குறிக்கப்படாத பேரேடு உழவருக்குப் பேரேடே ஆகாது.

நான்காவது "பதிவு": தேதி, எந்த இருப்பிடம், எந்த இனம், எந்தப் பருவம், வரவா செலவா மாற்றா, தொகை, அளவு, குறிப்பு என்னும் கட்டங்களைக் கொண்டது. இதில் இனத்தின் பெயரை எழுதாமல், இன அட்டவணையில் அதற்குரிய எண்ணை மட்டும் எழுதவேண்டும். பின்னாளில் "மருந்து" என்பதைப் "பூச்சி மருந்து" என மாற்ற விரும்பினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பழைய பதிவுகள் யாவும் தாமே திருந்திவிடும்.

வரவு, செலவு, மாற்று

இவ்விடத்தில்தான் பலரும் இடறுகின்றனர். வங்கியிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து மடியில் வைத்தால் அது செலவன்று. இருப்பிடம் மாறியது, அவ்வளவே. ஆகவே "மாற்று" என்று எழுதவேண்டும். 25,000 ரூபாய் கடன் பெற்றால் அது வருமானமன்று. கடன் இருப்பிடத்திலிருந்து ரொக்கத்துக்கு வந்த மாற்று. 26,000 ரூபாய் கட்டிக் கடனை அடைத்தால் 25,000 மாற்று, 1,000 மட்டுமே வட்டிச் செலவு. இவ்வேறுபாட்டைச் செயலி வற்புறுத்த வேண்டும். கடன் பணத்தை வரவில் எழுத இடங்கொடுக்கும் செயலி, கடன் வாங்கும்தோறும் செல்வம் பெருகுவதாகக் காட்டி மயக்கும். நகையை அடகு வைத்த மாதத்தில் வீடு செழிப்பாக இருந்தது என்று அறிக்கை வந்தால் அதனால் விளையும் கேடு சிறிதன்று.

பக்கம் எளிமையாக இருக்கட்டும்

பதிவு செய்யும் பக்கத்தில் முதலில் தொகை, அடுத்து இனம், அடுத்துப் பருவம் என மூன்று கட்டங்கள் முன்னிற்கட்டும். தேதி தானே அன்றைய தேதியாக நிற்கவேண்டும், விரும்பினால் மாற்றலாம். சென்ற முறை தேர்ந்த பருவமே மறுமுறையும் நிற்பது நலம். வரப்பில் நின்றுகொண்டு கால் நிமிடத்தில் ஒரு பதிவை முடிக்க இயலவேண்டும். எழுத்துகள் யாவும் தமிழில், யூனிக்கோடு முறையில் அமையவேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் அமைத்தால் வேறு கைப்பேசியில் அவை சிதைந்து தோன்றும்.

வயல்வெளிகளில் அலைத்தொடர்பு எப்போதும் இருப்பதில்லை. தொடர்பில்லாத வேளையில் எழுதியதைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்து, தொடர்பு கிடைத்ததும் வழங்கிக்கு அனுப்பும் வசதி இன்றைய உலாவிகளில் உண்டு. இவ்வசதி செய்யப்படும்போது ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியே தனி அடையாள எண் ஒன்றைக் கொடுக்கவேண்டும். இல்லையெனில் ஒரே பதிவு இருமுறை சென்று, உரத்துக்கு 4,500 கொடுத்தவர் 9,000 கொடுத்ததாகக் கணக்காகிவிடும்.

கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தொகையைத் தசமப் புள்ளியுடன் சேமிக்கலாகாது. கணினி தசம எண்களை இரட்டை இலக்க முறையில் ஏறத்தாழவே வைத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1 என்பதையும் 0.2 என்பதையும் கூட்டினால் 0.3 வருவதில்லை, 0.30000000000000004 வரும். ஆதலால் எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைக்கவேண்டும். 48,000 ரூபாய் என்பது பெட்டிக்குள் 48,00,000 பைசாவாக இருக்கும். பக்கத்தில் காட்டும்போது மட்டும் ரூபாயாகும்.

இரண்டாவது, எழுதியதை அழிக்க இடமளிக்கக்கூடாது. பிழை நேர்ந்தால் எதிர்ப்பதிவு எழுதித் திருத்துவதே கணக்கு முறை. மூன்றாவது, ஒரே வழங்கியில் பல குடும்பங்கள் எழுதுமாயின் ஒவ்வொரு பதிவிலும் குடும்பத்தின் எண் இருக்கவேண்டும். பதிவுகளை எடுக்கும் ஒவ்வொரு வினவலும், உள்நுழைந்தவரின் குடும்ப எண்ணைக் கொண்டு வடிகட்டியே எடுக்கவேண்டும். ஓரிடத்தில் இதனை மறந்தாலும் ஒருவர் வீட்டுக் கடன் மற்றவர் கண்ணில் படும்.

நான்காவது, கடவுச்சொல்லை உள்ளபடியே சேமித்தல் பெருந்தவறு. மீட்டறிய இயலாத குறியீடாக மாற்றியே வைக்கவேண்டும். பக்கம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பான முறையில் செல்லவேண்டும். ஐந்தாவது, ஆதார் எண், யு.பி.ஐ. இரகசிய எண், வங்கி அட்டை எண் ஆகியவற்றைக் கேட்கவே கூடாது. வரவு செலவு எழுத அவை தேவையில்லை. இல்லாத பொருளை எவரும் களவாட இயலாது. 2023 ஆம் ஆண்டில் நம் நாட்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆறாவது, வாரம் ஒருமுறையேனும் தரவுக் கோப்பின் படியை வேறோரிடத்தில் சேமிக்கவேண்டும். அப்படியிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்றும் சோதிக்கவேண்டும். சோதிக்காத படி படியாகாது.

என்ன அறிக்கை வேண்டும்?

வண்ணப் படங்கள் பல வேண்டா. மூன்று அறிக்கைகள் போதும். ஒன்று, இன்றைய நிலை: ரொக்கம், வங்கி, கடன் ஒவ்வொன்றிலும் இருப்பு. இரண்டு, மாதக் குடும்பச் செலவு இனவாரியாக. மூன்று, பருவ அறிக்கை: வயல்வாரியாக ரொக்க மிச்சம் தனியே, குடும்ப உழைப்பையும் சேர்த்த உண்மை மிச்சம் தனியே. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 23,000, 18,600 என்னும் இரு தொகைகளும் அடுத்தடுத்துத் தோன்றவேண்டும். இவற்றோடு கடன் தவணை நாளை முன்கூட்டி நினைவூட்டும் வசதியும் இருப்பின் நன்று. உரிய நாளில் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு வட்டிச் சலுகை உண்டு. நாள் மறந்து சலுகையை இழப்பது வீண் இழப்பன்றோ?

கருவியை வழக்கத்துக்குக் கொண்டுவருமுன் ஒரு மாதம் தாள் நோட்டிலும் செயலியிலும் சேர்த்தே எழுதிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் மடியில் உள்ள ரொக்கத்தை எண்ணிச் செயலி காட்டும் இருப்போடு ஒப்பிடவேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் விடுபட்ட பதிவைத் தேடவேண்டும். கிடைக்காத தொகையை "விடுபட்டது" என்னும் இனத்தில் ஒளிவின்றி எழுதவேண்டும். அவ்வினம் மாதந்தோறும் குறைந்து வருமாயின் வழக்கம் வேரூன்றிவிட்டது என்று அறியலாம்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் வலைவழியே நடைபெற, 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு இ-கிராம்சுவராஜ் தளத்தைத் தொடங்கியது. எனவே வலையில் கணக்கெழுதுதல் உறுப்பினர்களுக்கு அறியாத ஒன்றன்று. ஊர் நூலகத்திலோ மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்திலோ வாரம் ஒரு மாலை கணக்கு வகுப்பு நடத்த அவர்கள் ஏற்பாடு செய்யலாம். கணினி படித்த இளைஞரை ஊக்குவிக்கலாம். சுய உதவிக் குழுக்களில் பதிவேடு எழுதிப் பழகிய பெண்கள் இவ்வகுப்புக்குச் சிறந்த ஆசிரியர்களாவர்.

ஆனால் ஓர் எல்லையை உறுப்பினர்கள் கடக்கலாகாது. ஊர்க் கணக்கு பொதுச்சொத்து. வீட்டுக் கணக்கு அவரவர் உடைமை. எந்த வீட்டின் வரவையும் கடனையும் பார்க்கும் அதிகாரம் செயலியில் மன்றத்துக்கு இருக்கக்கூடாது. அச்சம் இருக்குமிடத்தில் மக்கள் உண்மைக் கணக்கை எழுதமாட்டார்கள். உண்மையற்ற கணக்கால் எவருக்கும் பயனில்லை.

கணக்கெழுதுவதால் மழை பெய்யாது. நெல் விலை ஏறாது. ஆயினும் எந்த வயல் நம்மைத் தாங்குகிறது, எந்தக் கடன் நம்மைத் தின்கிறது என்பதை அது காட்டும். குத்தகை பேசும்போதும், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கும்போதும், விளைபொருளுக்கு விலை கேட்கும்போதும், "எனக்கு ஆன செலவு இது" என்று எண்ணைக் காட்டிப் பேசும் உழவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வயலில் மனைவியார் உழைத்த நாட்களும் முதன்முறையாக ஒரு தொகையாக ஏட்டில் நிற்கும். செயலி ஆயத்தமாகும்வரை காத்திருக்க வேண்டா. இன்று மாலையே ஒரு நோட்டை எடுத்து, இன்றைய செலவைத் தேதியிட்டு, எந்த வயலுக்கென்று குறித்து எழுதத் தொடங்குங்கள். நாளை அமையவிருக்கும் இணையப் பேரேட்டின் முதற் பக்கம் அதுவே ஆகும்.